உயர்மலை வறண்ட பள்ளத்தாக்குகளின் சரளை மண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓராண்டில் அங்கே விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஸ்பிதிப் பள்ளத்தாக்கு, கிழக்குப் பாமிரின் முர்காப், ஆண்டிஸ் மலைத்தொடரின் வறண்ட பக்கம் என்று இப்படிப்பட்ட இடங்கள் பலவற்றிலும் காலடியில் கிடப்பது கல்லும் பொடியும் கலந்த சரளை மண். அதில் பயிர் வைக்கவோ மரம் நடவோ வீடு கட்டவோ நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்: கண்ணில் படுவது கல், ஆனால் அந்த நிலத்தின் தகுதியைத் தீர்மானிப்பது கற்களுக்கு இடையே இருக்கும் பொடிமண். அது எவ்வளவு இருக்கிறது, எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு கல் இருந்தால் அதைச் சரளை மண் என்று சொல்லலாம்?

மண்ணியலில் 2 மில்லிமீட்டர்தான் எல்லைக்கோடு. அதைவிடச் சிறியவை (மணல், வண்டல், களி) எல்லாம் பொடிமண் கணக்கு. அதற்கு மேல் 75 மில்லிமீட்டர் வரை சரளை. அதையும் தாண்டினால் பெருங்கல், பாறைத்துண்டு. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் மண்ணின் கனஅளவில் 15 சதவீதத்துக்கு மேல் சரளை இருந்தால் அது சரளை மண். 35 சதவீதத்தைத் தாண்டினால் மிகுசரளை. 60 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் மேலான வகை. உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் 35-க்கு மேல் என்பது சர்வசாதாரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மேலே சொன்னது கனஅளவு, எடை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு பெரியது. அதைக் கீழே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அங்கே ஏன் இவ்வளவு கல்?

பாறையை உடைக்கும் வேலை வேகமாக நடக்கிறது. உடைந்த கல்லை மண்ணாக்கும் வேலை மெதுவாக நடக்கிறது. அதனால்தான்.

தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். பாறை வெடிப்புக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து பகலில் உருகிக்கொண்டே இருந்தால், பாறை துண்டு துண்டாகப் பிளக்கும். அந்த உயரத்தில் ஆண்டின் பல மாதங்கள் இப்படித்தான் போகின்றன. ஆனால் கல் கரைந்து, கனிமம் மாறி, களிமண் உண்டாக ஈரமும் வெப்பமும் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குகளில் இரண்டுமே குறைவு. மலைத்தொடர் மழை மேகங்களை முன்பக்கமே தடுத்துவிடுவதால் பின்பக்கம் மழை மறைவுப் பகுதியாகக் காய்ந்து கிடக்கிறது. செடி கொடி குறைவு என்பதால் மட்கும் குறைவு. மண்ணை ஓரிடத்தில் பிடித்து வைக்க வேர்களும் போதவில்லை. சரிவோ செங்குத்து. உடைந்தது எல்லாம் கீழே வந்து குவிகிறது, மண்ணாகப் பழுக்க நேரம் கிடைப்பதற்குள் அதன் மேல் அடுத்த குவியல் விழுகிறது.

என் நிலத்துக் கல் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு குழி வெட்டி, கற்களின் வடிவத்தையும் அடுக்கையும் பார்த்தாலே நிலத்தின் வரலாறு பெருமளவு தெரிந்துவிடும். அந்த வரலாறு தெரிந்தால் தண்ணீர் எப்படிப் போகும், பொடிமண் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

கற்கள் உருண்டையாக, வழவழப்பாக, பெரியவை ஓர் அடுக்கு, சிறியவை ஓர் அடுக்கு என்று பிரிந்து கிடந்தால் அது ஆறு கொண்டுவந்தது. இன்றைய ஆற்றைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஒரு காலத்தில் ஆறு அங்கே ஓடியிருக்கிறது. இப்படிப்பட்ட மேடைகளில் நீர் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் நடுவே மெல்லிய வண்டல் அடுக்குகளும் இருக்கும். அந்த அடுக்கு மேலாக இருந்தால் அதிர்ஷ்டம்.

கற்கள் கூர்முனையோடு, எல்லாம் ஒரே வகைப் பாறையாக, பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறைச் சுவரின் நிறத்திலேயே இருந்தால் அது மேலிருந்து உருண்டு விழுந்த சரிவுக் குவியல். மேலே வெறும் கல்லாகத் தெரியும். காற்றும் நீரும் கொண்டுவந்த பொடி இடுக்குகளின் வழியே கீழே இறங்கி, சற்று ஆழத்தில் தங்கியிருக்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்து இதை ஒதுக்கிவிடக்கூடாது.

சிறு பரல் முதல் வீட்டளவு பாறை வரை எந்த ஒழுங்கும் இல்லாமல், மாவு போன்ற பொடியில் புதைந்து கிடந்தால் அது பழைய பனியாறு விட்டுப்போன படிவு. சில கற்களின் முகத்தில் இணையான கீறல்களும் இருக்கும். அந்தப் பாறைமாவு இறுகிப் போய் இருப்பதால் தோண்டுவது கஷ்டம், ஆனால் நீரை ஓரளவு பிடித்து வைக்கும்.

அப்புறம் வண்டல் விசிறி. பக்கவாட்டு ஓடை குறுகிய பிளவிலிருந்து வெளியே வந்து, முதன்மைப் பள்ளத்தாக்கில் விசிறி வடிவில் கொட்டிய குவியல் இது. லடாக்கின் ஊர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட விசிறிகளின் மேல்தான் இருக்கின்றன, காரணம் அங்கேதான் ஓடைத் தண்ணீர் கிடைக்கும். விசிறியின் உச்சியில் பெருங்கற்கள், நடுவில் சரளை, அடிவிளிம்பில் மணலும் வண்டலும் என்று படிப்படியாகப் பொடியாகும். உச்சியில் நிலத்துக்குள் இறங்கிய நீர் அடிவிளிம்பில் ஊற்றாகக் கசியும். ஒரே விசிறியில் நூறு மீட்டர் இடம் மாறினால் மண்ணே மாறிவிடும்.

கல்லின் வகையும் முக்கியம். லே இருக்கும் மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறை. அது உதிர்ந்து பருமணலாகும். ஸ்பிதிப் பக்கம் களிப்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் நிறைய. களிப்பாறை தட்டையான சில்லுகளாக உடைந்து, காலப்போக்கில் வண்டலும் களியும் தரும். அதனால் ஒரே அளவு கல் இருந்தாலும் களிப்பாறைச் சரளை பயிருக்குக் கிரானைட் சரளையைவிடப் பொதுவாக நல்லது.

தண்ணீர் விட்டால் உடனே காணாமல் போகிறது. இந்த மண் எவ்வளவுதான் பிடித்து வைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கல்லே இல்லாத நல்ல இருபொறை மண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்தது) ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கும். அதில் பாதி கனஅளவு கல் என்றால் அது 75 ஆகிவிடும், ஏனென்றால் கடினக் கல்லுக்குள் நீர் தங்காது. பயிரின் வேர் 40 சென்டிமீட்டர் வரைதான் போகிறது என்றால் கையில் இருப்பது 30 மில்லிமீட்டர். அதிலும் பாதி தீர்வதற்குள் அடுத்த பாசனம் தர வேண்டும். இல்லையென்றால் பயிர் வாடும். ஆக, உண்மையில் பயன்படுவது 15 மில்லிமீட்டர். வெயில் சுள்ளென்று அடித்துக் காற்றும் வீசும் கோடை நாளில் பயிர் 5 மில்லிமீட்டர் குடிக்கும். மூன்று நாள், அவ்வளவுதான்.

பொடிமண் மணற்பாங்காக இருந்தால் இன்னும் குறையும். நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லோ நன்றாக உளுத்துப்போன மணற்பாறையோ என்றால் கல்லுக்குள்ளேயே கொஞ்சம் நீர் தங்கும். அப்போது கணக்கு சற்றுக் கூடும்.

15 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 15 லிட்டர். அந்த இடத்தில் ஒரே தடவையில் 60 லிட்டர் விட்டால் மீதி 45 லிட்டர் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், போகிற போக்கில் கரைந்த உரத்தையும் எடுத்துக்கொண்டு. வாரம் ஒரு முறை வெள்ளமாக விடுவதற்குப் பதில், அதே நீரைப் பிரித்து அடிக்கடி கொஞ்சமாக விடுவதுதான் இந்த மண்ணுக்கு ஏற்ற முறை. சொட்டுநீர் வைக்கலாம். ஆனால் சரளையில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். அதனால் சொட்டுவான்களை நெருக்கமாக வைக்க வேண்டும். வாய்க்கால் பாசனம்தான் வழி என்றால் பாத்திகளைச் சிறிதாகப் பிரியுங்கள். நீளமான பாத்தியில் மடைவாய்ப் பக்கம் நீர் குடித்துக்கொண்டே இருக்கும், கடைசி வரை போய்ச் சேரவே சேராது.

அடியில் வெறும் சரளை, மேலே ஒரு முழம்கூட நல்ல மண் இல்லை. வீண்தானே?

இல்லை, இங்கே இயற்கை நமக்குச் சாதகமாக ஒன்று செய்கிறது. நுண்ணிய மண்ணுக்குக் கீழே பருத்த சரளை இருந்தால், மேல்மண் கிட்டத்தட்ட நிறைந்து ததும்பும் வரை நீர் கீழே உள்ள பெரிய துளைகளுக்குள் இறங்காது. சிறு துளைகள் நீரை இழுத்துப் பிடிக்கும் விசைதான் காரணம். ஆகவே சரளைக்கு மேல் கிடக்கும் 30 சென்டிமீட்டர் வண்டல், ஆழமான நிலத்தில் உள்ள அதே 30 சென்டிமீட்டரைவிடக் கூடுதல் நீரைப் பிடித்து வைக்கும். அந்த மேல் அடுக்கை ஆழமாக உழுது சரளையோடு கலந்துவிட்டால் இந்த நன்மை போய்விடும். எனவே இந்த நிலத்தில் ஆழ உழவு வேண்டாம் என்றே சொல்வேன்.

செடித் தொட்டியின் அடியில் சரளை போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை தவறாவதும் இதே காரணத்தால்தான்.

கற்களை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடலாமா?

கலப்பைக்கும் கைக்கும் இடைஞ்சலான பெரிய கற்களை எடுங்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் வயலைச் சுற்றி இருக்கும் கல் சுவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்கி அடுக்கியவைதான். சிறு சரளையை விட்டுவிடுங்கள்.

மேற்பரப்பில் கிடக்கும் சரளை ஆவியாதலைக் குறைக்கிறது, காற்றில் பொடிமண் பறக்காமல் காக்கிறது, திடீர் மழையின் துளி நேரடியாக மண்ணைத் தாக்காமல் தடுக்கிறது. சீனாவின் கான்சு மாகாணத்தில், லான்சோ நகரைச் சுற்றியுள்ள வறண்ட பகுதிகளில், உழவர்கள் சில நூற்றாண்டுகளாகத் தாங்களே வயல்மேல் சரளையும் மணலும் பரப்பி முலாம்பழமும் தர்ப்பூசணியும் விளைவிக்கிறார்கள். நம் நிலத்தில் அது இனாமாகவே கிடக்கிறது. பகலில் வெப்பத்தை வாங்கிக் கீழே கடத்தி இரவில் திருப்பித் தருவதிலும் கல்லுக்குப் பங்கு உண்டு. உலர்ந்த பொலபொல மண்ணின் மேற்பரப்பு இரவில் சட்டென்று குளிர்ந்துவிடும். ஈரம் உள்ள சரளை நிலம் அவ்வளவு குளிராது. பின்பனியில் நாற்றுகள் தப்புவதற்கு இந்தச் சிறு வித்தியாசமே போதும்.

ஒரு எச்சரிக்கை: கல் மேலே தளர்வாகக் கிடந்தால்தான் நீர் எளிதாக உள்ளே போகும். இறுகிய மண் ஏட்டுக்குள் கல் பதிந்து கிடந்தால் நேர்மாறாக, நீர் ஓடிப்போகும். அப்படி இருந்தால் மேற்பரப்பை லேசாகக் கிளறிவிட வேண்டும்.

போன வருடம்தான் பொறுக்கினேன். இந்த வருடம் மறுபடியும் எப்படி?

உறைபனியின் வேலை. குளிர்காலத்தில் மண்ணில் பனிக்கட்டி உருவாகி மேல்நோக்கி வீங்கும்போது கல்லும் சேர்ந்து தூக்கப்படுகிறது. உருகும்போது, கல் திரும்பிக் கீழே உட்காருவதற்குள், அதன் அடியில் உண்டான வெற்றிடத்துக்குள் பொடிமண் நுழைந்துவிடும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் மேலே வந்துகொண்டே இருக்கும்.

கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் வெள்ளைப் படிவு. நோயா, உப்பா?

பெரும்பாலும் சுண்ணாம்பு. நீர்த்த அமிலம் அல்லது வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். சிறிதளவே பெய்யும் மழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, நிலத்தை விட்டு வெளியேற முடியாமல் அங்கேயே காய்ந்துபோகிறது. கல்லின் அடிப்பக்கத்தில் துளி தங்கிக் காய்வதால் படிவு முதலில் அங்கே தோன்றும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது கல்லைச் சுற்றிப் பரவி, இடுக்குகளை நிரப்பி, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டவைத்துச் சுக்கான் பாறை போன்ற தட்டாக்கிவிடும். சரளை மண்ணில் நிரப்ப வேண்டிய இடம் குறைவு என்பதால் இது சாதாரண மண்ணைவிடச் சீக்கிரம் நடக்கும். படிவு எவ்வளவு தடிமன் என்பதை வைத்து அந்த மேடை எவ்வளவு பழையது என்று மண்ணியலாளர்கள் ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

பயிருக்கு என்ன பாதிப்பு? மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 8-க்கு மேல், அதாவது காரப் பக்கம் நிற்கும். இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எளிதில் கிடைக்காது, மணிச்சத்தும் கட்டுப்பட்டுவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை என்று முதலில் சந்தேகிக்கலாம். இந்த மண்ணில் சுண்ணாம்பு இடவே கூடாது. அடுப்புச் சாம்பலையும் அளவோடு பயன்படுத்துங்கள், அதுவும் காரத்தைக் கூட்டும்.

மண் பரிசோதனையில் சத்து நன்றாக இருக்கிறது என்று வந்தது. பயிர் மட்டும் சோனியாக இருக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ஆய்வகத்தில் உங்கள் மாதிரியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லை ஒதுக்கிவிட்டு, பொடிமண்ணை மட்டுமே சோதிக்கிறார்கள். அறிக்கையில் வரும் எண் பொடிமண்ணுக்குரியது. உங்கள் வயலில் பொடிமண் எவ்வளவு என்பது அந்த எண்ணில் இல்லை. ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ மண் இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. அதில் கரிமக் கார்பன் 0.6 சதவீதம் என்றால் 12,000 கிலோ. ஆனால் கனஅளவில் பாதி கல் என்றால் பொடிமண்ணே 10 லட்சம் கிலோதான். கார்பனும் 6,000 கிலோதான். அறிக்கை பொய் சொல்லவில்லை, நிலத்தின் பாதியைப் பற்றி மட்டும் பேசுகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, நீர் பிடிக்கும் திறன் எல்லாவற்றையும் இதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக உரத்தை இரண்டு மடங்காக ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. பிடித்து வைக்கும் இடமும் பாதிதான். சிறு சிறு தவணைகளாகக் கொடுப்பதே வழி. மாதிரி அனுப்பும்போது சரளை எத்தனை சதவீதம் என்று நீங்களே அளந்து குறித்து அனுப்பினால், பரிந்துரை சொல்பவருக்கும் உதவியாக இருக்கும்.

சரி, சரளையை நானே எப்படி அளப்பது?

பக்கத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் வீதம் ஒரு குழி வெட்டுங்கள். எடுத்த மண்ணைச் சிந்தாமல் ஒரு தார்ப்பாயில் போடுங்கள். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டவைத்து, விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் குழியின் கனஅளவு. மண்ணைக் காயவைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். கல்லில் ஒட்டிய மண்கட்டிகளைக் கையால் நொறுக்கிவிடுங்கள். பிறகு கற்களை நீர் நிரம்பிய வாளிக்குள் மெதுவாகப் போட்டு, வழியும் நீரை அளந்தால் கல்லின் கனஅளவு கிடைக்கும். குழி 27 லிட்டர், கல் 11 லிட்டர் என்றால் சரளை 41 சதவீதம்.

எடை போட்டுப் பார்ப்பது சுலபம்தான், ஆனால் கல் கனமானது என்பதால் எண் பயமுறுத்தும். எடையில் 60 சதவீதம் கல் என்று வந்தால், கல் லிட்டருக்கு 2.65 கிலோ, பொடிமண் 1.4 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், கனஅளவில் 44 சதவீதம்தான் வரும். நிலம் நீங்கள் நினைத்ததைவிட நல்ல நிலம். ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள்; வயலின் மேல் கோடி, நடு, கீழ்க் கோடி என்று பாருங்கள்.

பொடிமண்ணைக் கூட்ட வழி உண்டா?

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். பனியாறு உருகி வரும் ஓடைநீரில் பாறைமாவு மிதந்து வரும், கலங்கிய சாம்பல் நிறத்தில். அதை வயலில் தேக்கி, மெதுவாக வடியவிட்டால் வண்டல் தங்கிவிடும். பழைய வயல்களின் மேல்மண் அருகிலுள்ள தரிசைவிட ஆழமாகவும் மிருதுவாகவும் இருப்பதற்கு இப்படிப் பல தலைமுறை நீர் பாய்ந்ததும் ஒரு காரணம். தெளிந்த நீரை மட்டுமே வயலுக்கு விடும் குழாய்ப் பாசனத்தில் இந்த வரவு நின்றுவிடும் என்பதை மறக்கக்கூடாது.

லடாக்கின் பாரம்பரிய வீட்டுக் கழிப்பறைகள் உலர் கழிப்பறைகள். மண்ணும் சாணமும் சாம்பலும் போட்டு மூடி, மட்கவைத்து, வயலுக்குக் கொண்டுபோவார்கள். மட்கோடு பொடிமண்ணும் சேர்ந்தே வயலுக்குப் போகிறது. வறண்ட சரளை நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தொழு உரத்தையும் நன்றாக மட்கிய பிறகே போடுங்கள். குளிரில் மட்குவது மிக மெதுவாக நடப்பதால் பச்சைச் சாணம் அப்படியே காய்ந்து கிடக்கும்.

என்ன வளரும்?

சீபக்தார்ன் என்ற முட்புதர் முதலில். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருவதால், வெறும் ஆற்றுச் சரளையிலும் காடாகப் பரவும். வில்லோ, பாப்லர் போத்துகள் அடியில் ஈரம் எட்டும் இடத்தில் நன்றாகப் பிடிக்கும். வடிகால் நல்லதாக இருப்பதால் ஆப்ரிகாட் மரம் மகிழ்ச்சியாக இருக்கும். தானியத்தில் பார்லி. தீவனப் பயிரான குதிரை மசால் ஆழமாக வேர் விடும். கேரட், முள்ளங்கி போன்றவை கல்லில் முட்டிக் கிளைத்துவிடும். அவற்றுக்குச் சலித்த மண்ணில் உயர்த்திய பாத்தி போடுங்கள்.

உவர் பிரச்சினை வருமா?

வடிகால் நன்றாக உள்ள சரளை மேட்டில் அரிது. விசிறியின் அடிவிளிம்பில், ஊற்றுக் கசியும் தாழ்வான இடத்தில் வரும். வசந்தத்தில் நிலம் காயும்போது வெள்ளை ஏடு படர்ந்தால், வினிகரில் நுரைக்காமல் நீரில் கரைந்தால், அது உப்பு. அங்கே முதலில் வடிகால் வெட்ட வேண்டும்.

கிணறும் கழிவுநீர்க் குழியும் பக்கத்தில் இருக்கலாமா?

கூடாது. சரளை வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமல் வேகமாக நிலத்தடி நீரில் கலந்துவிடும். சரிவின் மேற்பக்கம் கிணறு, கீழ்ப்பக்கம் குழி, நடுவே முடிந்த அளவு தூரம். உலர் கழிப்பறை என்றால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

வீடு கட்ட இந்த மண் நல்லதா?

பாரம் தாங்கும், நீர் வடியும். பொடி குறைவான சுத்தச் சரளை உறைபனியில் அதிகம் வீங்காது. ஆனால் 0.02 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய பொடி 3 சதவீதத்தைத் தாண்டினாலே வீங்கும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அஸ்திவாரத்தை உறைநிலை எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சேற்றுக்கல் வெள்ளம் கொட்டிக் காய்ந்த விசிறி மண் உள்ளே தளர்வாக இருக்கலாம். முதல்முறை நன்றாக நனையும்போது சடாரென்று அமுங்கும். குழாய் உடைந்தால்கூட இது நடக்கும். எனவே அஸ்திவாரக் குழியை முன்பே நனைத்து இறுக்கிப் பார்ப்பது நல்லது.

மண்ணின் தரத்தைவிட இடத்தின் ஆபத்துதான் பெரிது. 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரவு லேயில் கொட்டிய பெருமழையில் ஓடைகள் சேறும் கல்லுமாக இறங்கி 200-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தன. ஆண்டு முழுக்க வறண்டு கிடக்கும் ஓடை என்பதால் அதன் பாதை ஆபத்தற்றது ஆகிவிடாது. மனை பார்க்கப் போகும்போது விசிறியின் உச்சி வரை நடந்து பாருங்கள். ஓடையின் இருபுறமும் பெருங்கற்கள் கரை கட்டியதுபோல் வரிசையாகக் கிடந்தாலோ, பழைய மரங்களின் அடிப்பாகம் கல்லில் புதைந்திருந்தாலோ, சேற்றுக்கல் வெள்ளம் அங்கே முன்பு வந்திருக்கிறது. அந்தக் கோட்டின் நேர்கீழே வீடு வேண்டாம். பயிர் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டை ஒதுங்கிய மேட்டில் கட்டுங்கள்.